குளிர் என்று சொன்னேன்

லண்டனில், எட்மண்டன் பகுதியில், அண்ணை வீட்டின் மேல்மாடி அறையில் நானும் மகளும் இரண்டு வருடம் இருந்தோம். அதற்கு முன் தென் ஜெர்மனியில் பதினெட்டு வருடம். கணவரோடு இனிச் சேர்ந்து வாழ்வதில்லை என்று முடிவான பிறகு, மகளை ஆங்கிலத்தில் படிப்பிக்கப் போகிறேன் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு லண்டனுக்கு வந்தேன். உண்மையில் போவதற்கு வேறு இடம் இருக்கவில்லை. அண்ணை விமான நிலையத்துக்கு வந்து பெட்டிகளைத் தூக்கித் தன் கடை வேனில் ஏற்றினார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதை நான் மறக்கவில்லை. அவரும் மறக்கவில்லை.

ஜெர்மனியில் எனக்குத் திராட்சைத் தோட்ட வேலை. கோடையில் இலை கிள்ளுவது, இலையுதிர் காலத்தில் பழம் வெட்டுவது என்று பலரும் செய்வார்கள். குளிர்காலத்தில் கொடி கத்தரிக்க ஆட்கள் கிடைப்பதில்லை. விரல் விறைத்துப்போகும் வேலை அது. நான் நின்று பிடித்தேன். அதனால் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். தை மாதத்தில் கடுங்குளிர் ஒன்று வந்து போனால், கத்தரிக்கத் தொடங்குவதற்கு முன் கொடிக்கு என்ன சேதம் என்று பார்க்க வேண்டும். மேட்டிலிருந்தும் பள்ளத்திலிருந்தும் கொடித் தடிகள் வெட்டி வருவோம். அவற்றை ஈரத் துணியில் சுற்றி இரண்டு நாள் வீட்டுச் சூட்டில் வைப்போம். வெட்டிய உடனே பார்த்தால் எல்லாம் உயிரோடு இருப்பது போலத்தான் தெரியும். சூடு பட்ட பிறகுதான் செத்தது செத்த நிறம் காட்டும். பிறகு சவர பிளேடால் ஒவ்வொரு மொட்டையும் குறுக்கே சீவிப் பார்ப்போம். ஒரு மொட்டுக்குள் மூன்று குருத்துகள் ஒடுங்கிக் கிடக்கும். நடுவில் பெரியது, பக்கத்தில் சிறியவை இரண்டு. உயிரோடு இருந்தால் பட்டாணிப் பச்சை. செத்திருந்தால் தேயிலைச் சக்கை நிறம். பெரியது செத்துச் சிறியவை தப்பியிருந்தால் அந்த வருடம் பழம் குறையும், அவ்வளவுதான். பட்டைக்குக் கீழே இருக்கும் பச்சைத் தோலும் கறுத்திருந்தால்தான் கொடிக்கே ஆபத்து.

லண்டனில் இதை நான் யாருக்குச் சொல்வது? ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் பாண் பொதி செய்யும் ஷிப்ட் கிடைத்தது. வேலைக்கு எடுத்தவர் என் பழைய வேலையைக் கேட்டார். சொன்னேன். "வைன் குடிப்பீர்களா?" என்று சிரித்தார். அதற்குப் பிறகு நான் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணை கீழேயிருந்து கூப்பிட்டு, "உனக்கு முந்திரிகைக் கொடியைப் பாக்கத் தெரியுமெல்லே? பக்கத்து வீட்டு மனுசி வந்து நிக்குது. ஒருக்கா வந்து பார்," என்றபோது எனக்கு உள்ளே ஏதோ நிமிர்ந்துகொண்டது. ஊரில் திராட்சையை முந்திரிகை என்போம். அண்ணை இன்னும் அப்படித்தான் சொல்வார்.

வாசலில் நின்றவர் எழுபத்தைந்து வயதிருக்கும் ஒரு சைப்ரஸ் அம்மா. எங்கள் தெருவில் அவர்தான் மிகப் பழைய ஆள். கறுப்புக் கம்பளிச் சட்டை, ஆண்கள் போடும் பெரிய பூட்ஸ். ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. கையில் ஒரு விரல் தடிப்பில் காய்ந்த தடி வைத்திருந்தார். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே அளவு உடைந்தவை. அதனால் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம்.

"இது வளைய வேண்டும்," என்று அந்தத் தடியை என் முன்னால் மடக்கினார். அது டக்கென்று முறிந்தது. "பார்த்தாயா? நேற்றுக் கத்தரிக்கப் போனேன். உன் அண்ணன் பக்கத்துக் கிளை முழுவதும் இப்படித்தான்."

"குளிர்," என்றார் அண்ணை ஆங்கிலத்தில். "வெரி கோல்ட் டிசம்பர்."

அந்த மார்கழியில் ஒரு கிழமை, ஏழு நாளும், நல்ல குளிர்தான். வேலிப் பலகைகளில் உறைபனி உப்புப் போல் ஒட்டிக் கிடந்தது. ஆனால் ஜெர்மனியில் நான் பார்த்த குளிருக்கு அது கால் தூசி. திராட்சைக் கொடி அதற்கெல்லாம் சாகாது. அப்படி எனக்கு அந்த நிமிடமே தோன்றியது. இருந்தாலும், பார்க்காமல் ஏன் சொல்ல வேண்டும்? முறையாகப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஒரு மருத்துவர் மாதிரி. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தாலும் வாயில் ஒரு கசப்பு வருகிறது.

கொடியின் வேர் அந்த அம்மாவின் மண்ணில் இருந்தது. அடிமரம் என் தொடைத் தடிப்பில் முறுகி எழுந்து, வேலியில் சாய்ந்து, தோள் உயரத்தில் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை அவருடைய பக்கத்து இரும்புப் பந்தலில் படர்ந்தது. மற்றது வேலிக்கு மேலால் எங்கள் பக்கம் இறங்கியது. பழம் புளிப்பு. அவருக்கு இலைதான் தேவை. இளம் இலைகளைப் பறித்து உப்புத் தண்ணீரில் போத்தல் போத்தலாக அடைத்து, வருடம் முழுவதும் அதற்குள் சோறும் இறைச்சியும் வைத்துச் சுருட்டிச் சமைப்பார். அண்ணைக்கு அந்தக் கொடியைக் கண்ணில் காட்ட முடியாது. இலை விழுந்து கூரைத் தண்ணீர்ப் பீலி அடைக்கிறது, பழம் விழுந்து முற்றத்துக் கல் பிசுபிசுக்கிறது, குளவி வருகிறது என்று ஒரே முறைப்பாடு. அதைவிடப் பெரியது, அவர் குசினிக்குப் பின்னால் எக்ஸ்டென்ஷன் கட்டப்போகிறார். கொடி சாய்ந்து நிற்கும் இடத்தில்தான் சுவர் வர வேண்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றையும் ஒன்றோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

இரண்டு கிளைகளிலிருந்தும் தடிகள் வெட்டினேன். எது எந்தப் பக்கம் என்று தெரிய வெள்ளை நூலும் சிவப்பு நூலும் கட்டினேன். ஈரத் துவாயில் சுற்றி எங்கள் அறையில் ஹீட்டருக்குக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து வந்து, குசினி மேசையில் பேப்பர் விரித்துச் சீவத் தொடங்கினேன். அண்ணையின் மனைவி, என் மச்சாள், அடுப்பில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்றார். "பள்ளிக்கூடத்துப் பரிசோதனை மாதிரி இருக்கு," என்று சிரித்தார்.

வெள்ளை நூல், அந்த அம்மாவின் பக்கம். முதல் மொட்டு பச்சை. இரண்டாவது பச்சை. நுனியில் இருந்த மெல்லிய குச்சி கூடப் பச்சை. சீவச் சீவப் பச்சை. எனக்கு நீண்ட நாளுக்குப் பிறகு ஒரு மகிழ்ச்சி. பிறகு சிவப்பு நூலை எடுத்தேன். முதல் மொட்டில் மூன்று குருத்தும் சக்கை நிறம். அடுத்ததும் அப்படி. தடியின் பட்டையைச் சீவினால் கீழே ஈரமான கறுப்பு.

குளிருக்கு வேலி தெரியாது. ஒரே மரத்தின் இரண்டு கைகள், ஒரே காற்றில் நின்றவை, ஒன்று முழுவதும் பச்சை, ஒன்று முழுவதும் கறுப்பு. அது மட்டுமல்ல. குளிர் பெரும்பாலும் நுனியில் தொடங்கும். முற்றாத குச்சி முதலில் சாகும், தடித்த மரம் கடைசியில். சிவப்பு நூல் கட்டிய தடிகளில் அது தலைகீழாக இருந்தது. மரத்தோடு சேர்ந்த தடித்த முனை முழுக் கறுப்பு. நுனிக்குப் போகப் போகத்தான் அங்கங்கே ஒரு மங்கல் பச்சை. சாவு கீழேயிருந்து ஏறியிருந்தது.

மறுநாள் எனக்கு ஓய்வு. காலையில் அண்ணை கடைக்குப் போன பிறகு பின்வளவுக்குப் போனேன். கொடி வேலியில் சாயும் இடத்தில் எங்கள் பக்கம் கடைச் சாமான் வரும் மரத் தட்டுகள் அடுக்கி, அவற்றுக்கு முன்னால் பழைய தண்ணீர்ப் பீப்பாய் ஒன்று வைத்திருந்தது. பீப்பாயை உருட்டித் தட்டுகளை இழுத்தேன். வேலியில் ஒரு பலகை இல்லை. அந்த இடைவெளியில் அடிமரம் பிதுங்கி நின்றது. அதில், எங்கள் கிளைக்குச் சாறு ஏறும் பக்கத்தில், பென்சில் தடிப்பில் ஐந்து வட்டங்கள். மண்ணிறப் பூச்சால் அடைத்து, மேலே அழுக்குத் தேய்த்திருந்தார்கள். கத்தரிக்கும் கத்தியின் முனையால் ஒன்றைக் கிளறினேன். பூச்சு கழன்று விழுந்தது. உள்ளேயிருந்து கறுப்பாக ஒன்று வழிந்து என் விரலில் பட்டது. மண்ணெண்ணெயும் அழுகிய முட்டைக்கோவாவும் கலந்தது போல ஒரு நாற்றம்.

மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். போகவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்தேன். அண்ணை மத்தியானம் சாப்பிட வந்தபோதும் என் விரலில் அந்த நாற்றம் இருந்தது.

"அண்ணை, உந்தக் கொடியிலை ஆரோ ஓட்டை போட்டுக் களை மருந்து விட்டிருக்கினம்."

அவர் கை கழுவிக்கொண்டு நின்றார். திரும்பவில்லை. "ஆரோ இல்லை. நான்தான்."

மச்சாள் சோற்றைப் போட்டுவிட்டு, ஒன்றும் கேட்காதது போல் முன் அறைக்குப் போய்விட்டார். அவருக்கு முதலே தெரியும் என்று அந்த நடையில் தெரிந்தது.

"எப்ப?"

"ஐப்பசியிலை. மனுசி ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போன நாள். பின்னை என்ன செய்யச் சொல்லுறாய்? மூண்டு தரம் போய் மரியாதையாக் கேட்டனான். ஏலாதெண்டு கதவைச் சாத்திப்போட்டுது. பில்டர் எத்தினை நாளைக்கு எனக்காகப் பாத்துக்கொண்டிருப்பான்?"

"அவவின்ரை கொடி, அண்ணை."

"என்ரை சுவர்." உட்கார்ந்து சோற்றில் மீன் குழம்பை விட்டார். "ஒரு முந்திரிகைக் கொடிக்கு இவ்வளவு கதையே? நீ பிளேடும் நூலுமா நிண்டு ஆராய்ச்சி செய்வாய் எண்டு நான் கண்டனானே? சும்மா எட்டிப் பாத்திட்டு, குளிரெண்டு சொல்லிப்போட்டு வருவாய் எண்டு நினைச்சன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஜெர்மனியில் நான் என்ன கற்றேன் என்பது அவருக்குத் தேவைப்படவில்லை. ஜெர்மனியில் வேலை செய்த தங்கச்சி என்ற பெயர்தான் தேவைப்பட்டது.

அவர் மீன் தலையை எடுத்து, கண்ணை உறிஞ்சி, முள்ளைத் தட்டின் ஓரத்தில் துப்பினார். சின்ன வயதிலிருந்து அவர் அப்படித்தான் சாப்பிடுவார். அன்றுதான் என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. கோயிலில் அன்னதானத்துக்கு முன்னுக்கு நிற்கிறவர். புதிதாக வந்த பையன்களுக்குக் கடையில் வேலை கொடுக்கிறவர். அதே கையால் ஒரு கிழவி வீட்டில் இல்லாத நேரம் பார்த்து ட்ரில் பிடித்திருக்கிறார்.

"நான் பொய் சொல்ல மாட்டன்," என்றேன்.

"பொய் சொல்லச் சொன்னனானே? குளிர் வந்ததுதானே. குளிர் எண்டு சொல்லு." பிறகு சற்றுத் தாழ்ந்த குரலில், "பிள்ளைக்கு இந்த வருசம் பள்ளிக்கூடத்திலை பெரிய சோதினை எல்லே? வீட்டுக்குள்ளை ஏன் தேவையில்லாத பிரச்சினை," என்றார்.

அவர் மிரட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அருவருப்பு.

வியாழக்கிழமை இருவரும் போனோம். அண்ணை கடையிலிருந்து ஒரு பெட்டி மாதுளம்பழம் கொண்டுவந்திருந்தார். அந்த அம்மா அதைக் கண்டு வெட்கப்பட்டு, இதெல்லாம் எதற்கு என்று சொல்லிச் சொல்லி வாங்கினார். குசினி மேசையில் சின்னக் கோப்பைகளில் கோப்பி ஊற்றினார். அலமாரியில் இலை அடைத்த போத்தல்கள் வரிசையாக நின்றன.

"சொல்லு," என்று என் முன்னால் உட்கார்ந்தார். "என்ன கண்டாய்?"

நான் கோப்பியைப் பார்த்தேன். அண்ணை தமிழில், சிரித்த முகத்தோடு, ஏதோ சுகம் விசாரிப்பது போல், "கன கதை வேண்டாம். குளிரெண்டு சொல்லு," என்றார்.

"என்ன சொல்கிறார்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"உங்களுக்காகக் கவலைப்படுகிறாராம்," என்றேன்.

அந்த அம்மா அண்ணையின் கையைத் தட்டிக் கொடுத்தார்.

பிறகு நான் சொன்னேன். குளிர் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மொட்டுக்குள் மூன்று குருத்து இருப்பதைச் சொன்னேன். பச்சையையும் கறுப்பையும் சொன்னேன். ஒரு பக்கம் மட்டும் ஏன் செத்தது என்று அவர் கேட்டபோது, காற்று அந்தப் பக்கமிருந்து அடித்திருக்கும் என்றேன். மரத்தின் நடுவரை போய்விட்டது, மற்றக் கிளையும் தப்பாது என்றேன். என் வாயிலிருந்து அது அவ்வளவு ஒழுங்காக வந்தது. உண்மையைச் சொல்லும்போது கூட நான் அவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசியதில்லை.

"வேர்?" என்று கேட்டார். "வேர் உயிரோடு இருக்குமா?"

"ஜெர்மனியில் பார்த்திருக்கிறேன். குளிரில் மேல்மரம் செத்தாலும், அடியில் வெட்டிவிட்டால் வைகாசியில் புதுக் குருத்து வரும்."

இது உண்மை. குளிரில் செத்த மரத்துக்கு உண்மை. இலையுதிர் காலத்தில் சாறு கீழே இறங்கும்போது மருந்தையும் சேர்த்து வேருக்குக் கொண்டுபோன மரத்துக்கு அல்ல. அது எனக்குத் தெரியும். அவர் முகம் தெளிந்ததைக் கண்டேன். கண்டுகொண்டே கோப்பியைக் குடித்து முடித்தேன்.

"அப்படியென்றால் நீயே வெட்டு," என்றார். "உனக்குத்தான் முறை தெரியும்."

சனிக்கிழமை நான்தான் வெட்டினேன். அண்ணை புதுக் கைவாள் வாங்கி வந்தார். வாள் ஓட்டைகளுக்குக் கீழே போகும்போது மரத்தூள் ஈரமாக, கறுப்பாக வந்தது. அதே நாற்றம். அந்த அம்மா தன் பக்கம் குந்தியிருந்து, "என்ன மணம் இது?" என்று கேட்டார். "அழுகின மணம்," என்றேன். அண்ணை அடிமரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். நான் அவரை அவ்வளவு உற்சாகமாகப் பார்த்து நெடுநாள் ஆகியிருந்தது. ஓட்டை போட்ட துண்டை முதலில் அறுத்துப் பொடியாக்கித் தோட்டக் கழிவுத் தொட்டியின் அடியில் போட்டார்.

எங்கள் அறையில் வெள்ளை நூல் கட்டிய தடிகள் பத்தோ பன்னிரண்டோ மீதமிருந்தன. ஈரத் துவாய்க்குள் பச்சையாகத்தான் இருந்தன. மருந்து ஏறாத கிளையின் தடிகள். அவற்றை ஒரு வாளி மணலில் குத்தி வைத்திருந்தால் சித்திரைக்குள் வேர் விட்டிருக்கும். ஜெர்மனியில் இப்படி ஆயிரக்கணக்கில் குத்தியிருக்கிறேன். எனக்கு அது தெரியாமலில்லை. ஆனால் அந்தப் பச்சை, நான் சொன்ன பொய்க்குச் சாட்சி. திங்கட்கிழமை மகள் பள்ளியால் வருவதற்கு முன் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டிக் கொண்டுபோய் அதே தொட்டியில் போட்டேன். அண்ணை மரத்தைக் கொன்றார். அதில் மிஞ்சியதை நான் கொன்றேன். அவராவது சுவருக்காகச் செய்தார்.

அடுத்த கிழமை கதவைத் தட்டி ஒரு பெரிய தட்டை நீட்டினார் அந்த அம்மா. இலைச் சுருள்கள். நன்றிக்காம். அண்ணை நான்கைந்தை ஒன்றன் பின் ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டு, "கிழவி நல்லாத்தான் சமைக்குது," என்றார். மச்சாளும் எடுத்தார். என்னையும் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். வேண்டாம் என்றால் ஏன் என்று மகள் கேட்பாள். எண்ணெயும் எலுமிச்சையும் ஊறிய அந்த இலை நாக்கில் ஈரத் தோல் மாதிரி இருந்தது. விழுங்கிவிட்டு மேலே போய்க் குளியலறையில் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன்.

மாசி, பங்குனி போயின. எங்கள் அறை யன்னலிலிருந்து அவருடைய தோட்டம் முழுவதும் தெரியும். தினமும் காலையில், நான் ஷிப்டுக்குச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும் நேரம், அவர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வருவார். வெட்டிய கட்டைக்கு மேல் ஒரு பழைய கம்பளியைச் சுற்றி, அதன் மேல் வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தார். வாளியைத் தூக்கி, கம்பளியை விலக்கி, குனிந்து விரலால் தடவிப் பார்ப்பார். பிறகு திரும்பவும் மூடுவார். நோயாளிக்குப் போர்த்துவது போல. சில நாள் நிமிர்ந்து பார்த்து, என்னைக் கண்டு கையை அசைப்பார். "இன்னும் இல்லை" என்பது போல் தலையாட்டுவார். நானும் தலையாட்டுவேன். யன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு உடுத்தப் பழகினேன்.

இதற்குள் மகளுக்கும் ஏதோ சந்தேகம். "அம்மா, ஆர் யூ ஷுவர் அது குளிராலைதான் செத்தது? எங்கடை றோட்டிலை வேறை ஒரு மரமும் சாகேல்லையே," என்று ஒருநாள் கேட்டாள். "உனக்குப் படிக்க வேலை இல்லையா," என்று எரிந்து விழுந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது.

வைகாசி நடுப்பகுதியில் ஒரு பின்னேரம் வேலையால் வந்து தெருவில் திரும்பும்போதே அந்த அம்மா வாசலில் காத்து நின்றார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குள்ளால் தோட்டத்துக்குப் போனார். தன் மொழியில் ஏதோ சொன்னார், சிரித்தார்.

"வந்துவிட்டது. நீ சொன்ன மாதிரியே வந்துவிட்டது!"

கட்டைக்குப் பக்கத்தில் ஒரு சாண் உயரத்தில் ஒரு கொடி எழுந்திருந்தது. அதற்கு ஒரு சிறு குச்சி நட்டு, நீலக் கம்பளி நூலால் மெதுவாகக் கட்டியிருந்தார். இதய வடிவ இலை, மழமழவென்று. திராட்சையின் இளம் இலை இளஞ்சிவப்போடி, பூனை மயிர் போலப் பஞ்சு படிந்திருக்கும். இது வேலிகளில் படரும் களைக்கொடி. எங்கள் தெருவில் எல்லா வேலியிலும் இருக்கிறது. நாற்பது வருடம் திராட்சை வளர்த்தவர். கண் தெளிவாக இருந்த காலத்தில் அதைக் கண்ட உடனே பிடுங்கி எறிந்திருப்பார்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஆமென்று சொன்னால் அந்தக் களைக்குத் தண்ணீர் ஊற்றுவார். கோடை முழுவதும் ஊற்றுவார். அது பந்தலில் ஏறும்வரை நான் யன்னலில் நின்று பார்க்க வேண்டும்.

"இது திராட்சை இல்லை," என்றேன். "வேர் செத்துவிட்டது. குளிரால் இல்லை. அண்ணை ஐப்பசியில் மரத்தில் ஓட்டை போட்டு மருந்து விட்டார். எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்."

அவர் குனிந்து அந்தக் களையை நூலோடு சேர்த்துப் பிடித்தார். பிடுங்குவார் என்று நினைத்தேன். விட்டுவிட்டார்.

"அன்று வெட்டிக்கொண்டு போன தடிகள். அவை பச்சையாக இருந்தனவா?"

"சில."

"எங்கே?"

"தொட்டியில் போட்டுவிட்டேன்."

"உன் அண்ணன் சுவர் கட்ட விரும்பினான்," என்றார். குரல் உயரவில்லை. "அவன் கெட்டவன், ஆனால் எனக்கு அவனை விளங்குகிறது. உனக்கு என்ன வேண்டியிருந்தது?"

மகளின் படிப்பு, இருக்க ஓர் அறை என்று சொல்ல வாயெடுத்தேன். அவை உண்மைதான். ஆனால் அவருடைய குசினியில் கோப்பி குடித்துக்கொண்டு மூன்று குருத்தையும் விளக்கியபோது நான் அறையை நினைக்கவில்லை. ஒருவர் என் வேலையை வாய் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. அதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது? தமிழிலும் அன்று எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

"போ," என்றார். "இனி வராதே."

அடுத்த நாள் அவர் கவுன்சிலுக்கு எழுதினார். ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கட்டையைத் தவிர ஒன்றும் இல்லை, இது அயலவர்களுக்குள் தீர்க்கும் விஷயம் என்று சொல்லிப் போனார். மரம் இல்லை, ஓட்டை இல்லை, தடி இல்லை. நடந்ததை நான் எழுதித் தருகிறேன் என்று அந்த அம்மாவின் கதவைத் தட்டினேன். உள்ளே வானொலிச் சத்தம் கேட்டது. திறக்கவில்லை.

அண்ணை அன்று பின்னேரம் கடையைப் பூட்டாமலே வந்தார். "ஆரோ ஒரு கிழவிக்காகக் கூடப் பிறந்தவனைக் காட்டிக்குடுத்திட்டாய் என்ன? உனக்குச் சோறு போட்டது நானோ அதுவோ?"

"நீங்கள்தான் அண்ணை. அதுதான் நாலு மாசம் வாயை மூடிக்கொண்டு இருந்தனான். அதை நினைக்கத்தான் எனக்கு அரியண்டமா, அருவருப்பா இருக்கு."

"அரியண்டமோ? என்னைப் பாக்கவோ?"

"எங்கள் ரெண்டு பேரையும்."

அவர் கையை ஓங்கவில்லை. மச்சாள் நடுவில் வந்து நின்றார். மகளின் பள்ளிச் சோதனை முடியும்வரை அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசாமல் ஒரே பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்டோம். ஆடியில் தென் லண்டனில், மோர்டனில், ஓர் அறை கிடைத்தது. பேக்கரி வேலையை விட்டு அங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் சேர்ந்தேன். மகளுக்கு நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "ஐ நியூ, அம்மா," என்று மட்டும் சொன்னாள்.

எக்ஸ்டென்ஷன் அடுத்த வருடம் முடிந்தது. அண்ணையே போன் எடுத்தார். ஒன்றுமே நடக்காதது போல், "புது அறை குடிபூரலுக்கு நீ வராமல் என்ன மாதிரி? பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா," என்றார். மகள் வரமாட்டேன் என்றுவிட்டாள். நான் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், எனக்கு லண்டனில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதைத் தவிர ஒரு பதிலும் இல்லை.

பெரிய கண்ணாடிக் கூரை, வெள்ளைச் சுவர். ஐயர் பூசை முடித்துப் போயிருந்தார். சனம் வடையும் கேசரியும் கையில் வைத்துக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டுப் பக்கம் இப்போது யன்னலே இல்லை. அண்ணை யாரோ ஒரு நடுவயதுக்காரரை என்னிடம் கூட்டிவந்தார். அப்டன் பார்க்கில் கடை வைத்திருப்பவராம். வீட்டுக்குப் பின்னால் திராட்சை நட்டிருக்கிறாராம்.

"இவதான் என்ரை தங்கச்சி. ஜேர்மனியிலை பெரிய தோட்டங்களிலை வேலை செய்தவ. உங்களுக்கு என்ன தெரிய வேணுமோ கேளுங்கோ," என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லை.

"போன மாசக் குளிருக்குத் தடியெல்லாம் கறுத்துப்போச்சு, அக்கா," என்றார் அவர். "செத்துப்போச்சோ, இருக்குதோ எண்டு எப்பிடிப் பாக்கிறது?"

தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிடத்தான் நினைத்தேன். "தடியை வெட்டி ரெண்டு நாள் வீட்டுக்குள்ளை வையுங்கோ," என்று என் வாய் சொன்னது. "பிறகு பிளேடாலை மொட்டைக் குறுக்கே சீவிப் பாருங்கோ." அவர் போனை எடுத்துக் குறித்துக்கொண்டார். அண்ணை பக்கத்தில் நின்று தலையாட்டினார். உள்ளே மூன்று குருத்து இருக்கும் என்றேன். விரலை மடக்கி, நடுவில் பெரியது எப்படி இருக்கும் என்று காட்டினேன். என் குரல் எனக்கே கேட்டது. அது தெளிவாக, சந்தோசமாக இருந்தது. அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். நான் அதற்கும் பதில் சொன்னேன்.